கமரா வாங்கியாச்சு, மிச்சக் காசில் எதை முதலில்?

மருமகன் முல்லைத்தீவுப் பக்கம் முள்ளியவளையில் இருக்கிறான். விடுமுறைக்கு வந்த ஒருவரிடம் பாவித்த நிக்கோன் இசட்6-2 கமராவையும் ஒரு லென்ஸையும் வாங்கிவிட்டான். கையில் மிச்சம் ஒன்றரை லட்சம் ரூபா. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் திருவிழாவுக்கு முன்னர் எல்லாம் தயாராக வேண்டுமாம். வாங்க நினைப்பவற்றை எழுதி அனுப்பினான்: பற்றரி கிரிப், லைட்ரூம் என்ற படம் திருத்துகிற மென்பொருளுக்கு ஒரு வருடச் சந்தா, முதுகுப் பை, லென்ஸுக்கு முன்னால் பூட்டுகிற யூ.வி. பில்டர், பெரிய மெமரி காட் ஒன்று. கடைசி வரியில், "பற்றரி இன்னொன்று. கம்பனி எதுவெண்டாலும் பரவாயில்லை மாமா."

அந்தக் கடைசி வரிதான் முதல் வரியாக வரவேண்டும் என்று பதில் எழுதத் தொடங்கினேன். எழுத எழுத நீண்டுவிட்டது. அவனைப் போல இந்தப் பக்கத்தில் ஸ்ரூடியோ வேலையில் இறங்குகிற பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். ஆகவே எல்லோருக்குமாக எழுதுகிறேன். நான் கிளிநொச்சியில் இருந்துகொண்டு கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா எடுப்பவன். என்னிடம் இருப்பது 2014இல் வந்த நிக்கோன் டி750. இன்னும் மாற்றவில்லை. மாற்றாததற்கு ஒரு காரணம் பற்றரி.

இரண்டு கமராவுக்கும் ஒரே வடிவப் பற்றரிதான், நிக்கோனின் ஈ.என்.-ஈ.எல்.15 வகை. என்னுடையதில் 1900 எம்.ஏ.எச். (மில்லிஅம்பியர்-மணி, பற்றரியின் கொள்ளளவு) பற்றரி போட்டால் 1230 படம் என்று நிக்கோன் கணக்குக் கொடுக்கிறது. மருமகனின் இசட்6-2க்கு வருகிற 15சி பற்றரி 2280 எம்.ஏ.எச். பற்றரி பெரிது, படமோ 340. அவனுடையது உள்ளே கண்ணாடி இல்லாத (மிரர்லெஸ்) கமரா. அதில் நாம் கண் வைத்துப் பார்ப்பது ஒரு குட்டித் திரை. படத்தைப் பதிகிற சென்சரும் அந்தத் திரையும் ஓயாமல் எரிந்துகொண்டே இருக்கும். நாம் படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் செலவு செலவுதான்.

அதற்காக 340 படத்தோடு கமரா படுத்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை. அந்தக் கணக்கு அரை நிமிடத்துக்கு ஒரு படம் என்று மெதுவாக எடுத்துப் பார்த்தது. கலியாணவீட்டில் அறுகரிசி போடும்போது நாங்கள் அடிக்கிற அடிக்கு ஒரு பற்றரியில் ஆயிரமும் தாண்டும். ஆனால் டி750இல் படத்தை எண்ணுகிற பழக்கத்தை இங்கே விட்டுவிட்டு நேரத்தை எண்ண வேண்டும். நண்பர் ஒருவரின் இசட்6-2ஐ நான் பாவித்த அளவில், விட்டுவிட்டு எடுத்தால் ஒரு பற்றரி இரண்டரை, மூன்று மணி நேரம் தாங்கியது. விடியப்புறம் பெண் வீட்டில் தொடங்கி மாப்பிள்ளை வீட்டில் கால்மாறிச் சாப்பாடு முடியும்வரை கணக்குப் பாருங்கள். மூன்று பற்றரி வேண்டும். வற்றாப்பளையில் கடல்நீரில் எரிகிற விளக்கைப் பார்த்துக்கொண்டு விடியவிடிய நிற்பதென்றால் நாலு.

சரி, எந்தப் பற்றரி? நிக்கோனின் சொந்தப் பற்றரி ஒன்றின் விலைக்கு வெளிக் கம்பனிப் பற்றரி இரண்டு, சிலவேளை மூன்று வரும். அந்த ஆசையில் நானும் விழுந்தேன். ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு கலியாணவீடு. ஐயர் கெட்டிமேளத்துக்குக் கையைத் தூக்குகிறார், கமராவில் பற்றரி 40 வீதம் என்று காட்டுகிறது. இரண்டு படம் எடுத்தேன். மூன்றாவதுக்கு முன்னர் திரை கறுத்துவிட்டது. வெளிப் பற்றரிகள் எல்லாம் கெட்டவை என்று நான் சொல்லமாட்டேன். அவற்றிலே நல்லவையும் உண்டு, என் கைப்பையில் இப்போதும் ஒன்று கிடக்கிறது. அவற்றின் பிரச்சினை, எவ்வளவு மிச்சம் என்று கமராவுக்கு உண்மை சொல்லாதது. 40இலிருந்து ஒரேயடியாகச் சுழியத்துக்கு விழும். பழசானால் சில வீங்கி உள்ளேயே இறுகிவிடும். அப்படி வீங்கினதை அழுத்தியோ கிண்டியோ எடுக்கப் போகாமல் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கமராவின் உள்மென்பொருளைப் புதுப்பித்த பிறகு சில வெளிப் பற்றரிகளைக் கமரா அடையாளம் காணாமல் விடுவதுண்டு. பொங்கலுக்கு முதல்நாள் இரவு புதுப்பித்துவிட்டு நடுச்சாமத்தில் எனக்குப் போன் எடுக்காதே என்று மருமகனுக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே என் தீர்ப்பு: கமராவோடு வந்தது ஒன்று, சொந்தப் பற்றரி இன்னும் இரண்டு. நாலாவது வேண்டுமென்றால் வெளிப் பற்றரி ஒன்று, அதுவும் இரவு உணவு நேரத்து மேசைப் படங்களுக்கு. தாலிகட்டுக்கு அதைப் போடவே கூடாது. வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய டி750 காலத்து 15, 15ஏ பற்றரிகளும் இசட்6-2க்குள் அச்சொட்டாகப் பொருந்தும், கமராவும் வேலை செய்யும். ஆனால் அவற்றைக் கமராவுக்குள் வைத்து யூ.எஸ்.பி. வயரால் சார்ஜ் பண்ண முடியாது. 15பி, 15சி இரண்டுக்கும்தான் அது சரிவரும். "எல்லாம் ஒண்டுதான் தம்பி" என்று கடையில் சொன்னால் பற்றரியைத் திருப்பிக் கடைசி எழுத்தைப் பாருங்கள்.

பாவித்த பற்றரி வாங்கினாலும் பரவாயில்லை. கமராவில் போட்டு மெனுவுக்குள் பற்றரித் தகவலுக்குப் போனால் அதன் வயதை 0 முதல் 4 வரை காட்டும். 0 புதிது, 4 ஓய்வூதியம். 1க்கு மேலே என்றால் நான் காசு கொடுக்கமாட்டேன்.

இனி சார்ஜ். இந்த இடத்தில்தான் கொழும்பில் இருந்துகொண்டு சொல்கிற ஆலோசனையும் எங்கள் தேவையும் பிரிகின்றன. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் முழு நாடும் இருண்டது என்றார்கள். அவை பெரிய கதைகள். எங்களுக்குச் சின்னக் கதைகளே போதும். கச்சான் காற்றுக்குத் தென்னோலை வயரில் விழுந்தால் உள்ளூரில் அரை நாள் போய்விடும். (முறிகண்டியில் விற்கிற கச்சான் கடலை வேறு. அது வயிற்றுக்கு நல்லது.) போர்க்காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்ட ஆட்கள் நாங்கள். டோர்ச் பற்றரியே தடைப்பொருளாக இருந்த ஊர் இது. கறண்ட் வரும், வரும் என்று நம்பி வேலைக்குப் போகிற பழக்கம் எங்களுக்கு வராதது நல்லதுதான்.

சுவரில் குத்துகிற சார்ஜர் ஒரு பற்றரிக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். மூன்றுக்கும் ஓர் இரவு போய்விடும். இடையில் ஒருவர் எழும்பி மாற்றிப் போட வேண்டும். யூ.எஸ்.பி.யில் ஓடுகிற இரட்டைச் சார்ஜர் விலையும் குறைவு, அதைப் பவர் பாங்கிலும் கொழுவலாம். என்னிடம் இரண்டும் இருக்கின்றன. சுவர்ச் சார்ஜர் அலுமாரிக்குள் தூங்குகிறது.

பவர் பாங்க் பற்றி ஒரு கணக்கு. 20,000 எம்.ஏ.எச். என்று அட்டையில் எழுதியிருந்தால் அதை 2280ஆல் பிரித்து எட்டுத் தடவை சார்ஜ் ஏறும் என்று நினைக்கக் கூடாது. பவர் பாங்கின் உள்ளே இருக்கிற செல் 3.7 வோல்ட். எங்கள் பற்றரி 7 வோல்ட். வோல்ட்டாலும் பெருக்கி வாட்-மணிக்கு மாற்றினால்தான் ஒப்பிடலாம். பவர் பாங்கில் 74, பற்றரியில் 16. மாற்றும்போது மூன்றிலொரு பங்கு சூடாகப் போய்விடும் என்று வைத்தால், நிறைவாக மூன்று தடவை. அதுவே ஒரு கலியாணவீட்டுக்குத் தாராளம். வாங்கும்போது பி.டி. (பவர் டெலிவரி) என்று குறிப்பிட்ட, யூ.எஸ்.பி. சி வகை வாய் உள்ளதாகப் பாருங்கள். பி.டி. இருந்தால் இசட்6-2 சார்ஜ் ஏறுவதோடு நிற்காமல், வயரில் இருந்தபடியே படமும் எடுக்கும். மேசையில் கமரா முக்காலியை (ட்ரைபொட்டை) வைத்து மேடையை வீடியோ எடுப்பவருக்கு இது பெரிய வரம். ஒரு நிபந்தனை, உள்ளே பற்றரி ஒன்று இருக்க வேண்டும். முதலாவது இசட்6இல் இந்த வசதி கிடையாது. அது அணைத்து வைத்தால்தான் சார்ஜ் ஏறும்.

வாகனம் இன்னொரு வழி. மாப்பிள்ளை வானில் 12 வோல்ட் வாய் இருக்கும். அதில் குத்துகிற பி.டி. சார்ஜர் ஒன்று கைக்குள் அடங்கும். மாங்குளத்தில் ஏறி முல்லைத்தீவில் இறங்குவதற்குள் ஒரு பற்றரி அரைவாசிக்காவது வந்துவிடும். இதற்கு இன்வேர்ட்டர் வாங்குகிறவர்களைக் கண்டிருக்கிறேன். 12ஐ 230 ஆக்கி, பிறகு அதை 9 ஆக இறக்கி, இரண்டு இடத்தில் விரயம். தேவையில்லாத வேலை. மோட்டார் சைக்கிளில் பூட்டுகிற யூ.எஸ்.பி. போனுக்குச் சரி, கமராவுக்கு ஆமை வேகம். இன்னொன்று, மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே நிறைசார்ஜ் பற்றரியை வெயிலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நிறைசார்ஜும் சூடும் சேர்ந்தால் லித்தியம் பற்றரி கெதியாகக் கிழண்டிவிடும். வேலை இல்லாத மாதத்தில் பாதிச் சார்ஜில் வைத்துவிடுவது நல்லது.

கூரையில் சோலர் போட்டிருக்கிறோம், கறண்ட் போனால் எங்களுக்கென்ன என்று கேட்கிறவர்கள் உண்டு. பற்றரி சேமிப்பு இல்லாமல் மின்சார சபை வயரோடு மட்டும் இணைத்த சோலர், வயரில் கறண்ட் போனால் தானும் நின்றுவிடும். வயரில் வேலை செய்கிறவருக்கு அடிக்கக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். உச்சி வெயிலில் பலகை பளபளத்துக்கொண்டிருக்கும், வீட்டுக்குள்ளே காற்றாடி ஓடாது. மடிக்கிற சின்னச் சோலர் பலகை கமராவுக்கு விளையாட்டுப் பொருள்.

மருமகன் கேட்ட பற்றரி கிரிப்பை இப்போது எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு பற்றரி போகும், ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் ஓடும். செங்குத்தாகப் பிடிக்கும்போது கைக்கு ஒரு பிடியும், விரலுக்கு இன்னொரு பொத்தானும் கிடைக்கும். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அது தானாகக் கறண்ட் தராது. இரண்டு பற்றரியை நீங்கள்தான் வாங்கிப் போட வேண்டும். கிரிப்பின் காசுக்குப் பற்றரியே வாங்கினால் அதே நேரம் ஓடும், கழுத்தும் தப்பும். பற்றரி மாற்ற எடுக்கிற பத்து விநாடியை ஐயர் எப்போதாவது தருவார்.

காசு செலவழிக்காமலேயே மிச்சம் பிடிக்கிற வழிகளையும் சொல்லிவிடுகிறேன். போனோடு இணைகிற புளூடூத்தை அணைத்து விமானப் பயன்முறையில் போடுங்கள். ஒவ்வொரு படம் எடுத்ததும் திரையில் காட்டுவதை நிறுத்துங்கள். கண் வைத்தால் மட்டும் எரிகிற மாதிரித் திரையை மாற்றுங்கள். இந்த மூன்றுக்கும் பிறகு எனக்குக் கிட்டத்தட்டக் கால்வாசி நேரம் கூடியது.

பிளாஷ் அவனுடைய பட்டியலிலேயே இல்லை. கேட்டால், "பழசு ஒண்டு கிடக்கு மாமா" என்றான். நாலு பென்ரோர்ச் (ஏ.ஏ.) பற்றரி போடுகிற வகை. இசட்6-2இல் சொந்த பிளாஷ் கிடையாது. மண்டபத்துக்குள் பிளாஷ் இல்லாமல் போவது மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போவது மாதிரி. பழையதை எறியத் தேவையில்லை. ஆனால் கடையில் விற்கிற அல்கலைன் பற்றரியைப் போட்டால் பத்துப் படத்துக்குப் பிறகு ஒவ்வொரு மின்னலுக்கும் காத்திருக்க வேண்டும். எனெலூப் மாதிரி நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் செல்கள் 1.2 வோல்ட்தான், ஆனால் ஒரேயடியாக மின்னோட்டத்தைக் கொட்டும். பிளாஷுக்கு அதுதான் தேவை. எட்டுச் செல் வாங்கினால் இரண்டு தொகுதி. நாலையும் தனித்தனியே பார்த்துச் சார்ஜ் பண்ணுகிற சார்ஜர் அவசியம். இல்லாவிட்டால் நாலில் ஒன்று நோயாளியாகி மற்ற மூன்றையும் இழுத்துக்கொண்டு போகும்.

மற்றத் தெரிவு லித்தியம் பற்றரி போடுகிற பிளாஷ். கொடொக்ஸ் கம்பனி தன் வி1 பிளாஷ் ஒரு சார்ஜில் முழு வலுவில் 480 மின்னல் தரும் என்கிறது. அவர்களுடைய நாலு செல் பிளாஷான ரீரீ685 ஏறக்குறைய 230. ஒரு கலியாணவீடு முழுக்க ஒரு பற்றரி என்பதால் மாற்றுகிற தலையிடியும் இல்லை. வருடத்தில் இருபது வேலைக்கு மேல் எடுப்பவர் லித்தியத்துக்குப் போகலாம். மருமகனுக்கு இப்போதைக்கு எட்டுச் செல் போதும். முள்ளியவளைச் சந்தியில் இரவு எட்டு மணிக்கு லித்தியம் பற்றரி வாங்க முடியாது. பென்ரோர்ச் பற்றரி பெட்டிக்கடையிலும் உண்டு. உயிர் போகிற நேரத்தில் அல்கலைனும் உதவும்.

மெமரி காட்டில் "பெரிய ஒன்று" என்பது பிழை. இசட்6-2இல் இரண்டு துளை. ஒன்று சி.எப். எக்ஸ்பிரஸ், மற்றது எஸ்.டி. முதலாவது காட் விலை கூடியது, அதற்குத் தனி ரீடரும் வேண்டும். என்றாலும் இரண்டையும் நிரப்பி, ஒரே படத்தை இரண்டிலும் எழுதவிடச் சொல்வேன். ரோ (சென்சர் பதிந்த மூலப்படம்) ஒன்றில், ஜேபெக் (சுருக்கிய சாதாரணப் படம்) மற்றதில். தாலிகட்டை மறுபடி நடத்த முடியாது. எஸ்.டி. வாங்கியதும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் ஒருமுறை முழுதாக எழுதி வாசித்துப் பாருங்கள். 128 என்று அச்சடித்த 8 ஜி.பி. காட் எனக்கும் ஒருமுறை கிடைத்தது.

யூ.வி. பில்டருக்குச் செலவழிக்கிற காசை உலர்பெட்டிக்குப் போடுங்கள். இறப்பர் விளிம்பு வைத்த, காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டி, ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டுகிற ஒரு சின்ன மீற்றர். 40க்கும் 50க்கும் இடையில் நின்றால் சரி. மாரி மழை தொடங்கிவிட்டால் ஒரே மாதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சணம் சிலந்திவலை பின்னிவிடும். அரிசிப் பீப்பாவுக்குள் கமராவைப் புதைக்கிற யோசனை சொல்கிறவர்களுக்கு: அரிசித் தூசு சென்சருக்குள் போனால் பிறகு சுத்தம் பண்ணுகிறவருக்குக் கொடுக்கிற காசில் பத்துப் பெட்டி வாங்கலாம். முதுகுப் பை, எதுவானாலும் சரி.

மென்பொருளில்தான் மருமகனும் நானும் ஒத்துப்போகவில்லை. அவனுக்கு லைட்ரூம் வேண்டும். எல்லாரும் அதைத்தான் பாவிக்கிறார்கள், யூரியூப்பில் பாடமும் கிடக்கிறது. அது நல்ல மென்பொருள், சந்தேகமில்லை. ஆயிரம் படத்தில் நூறைப் பொறுக்குவதும், ஒன்றில் செய்ததை ஐம்பதில் ஒட்டுவதும், முகத்தை மட்டும் தானாகத் தெரிந்தெடுப்பதும் அதில் சுகம். ஆனால் அது வாடகைவீடு. ஒரேயடியாகக் காசு கட்டி வாங்கக்கூடிய கடைசிப் பதிப்பு 2015இல் வந்த லைட்ரூம் 6. அதன்பிறகு எல்லாம் சந்தா, அதுவும் டொலரில். 2022இல் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து சில வாரத்துக்குள் முந்நூற்று அறுபதுக்குப் போனபோது, கலியாணவீட்டுக் கட்டணத்தை நான் அப்படிக் கூட்ட முடியவில்லை. சந்தா நின்றால் படங்கள் அழியாது, பார்க்கலாம், வெளியே எடுக்கலாம், ஆனால் திருத்துகிற அறை பூட்டிவிடும். மாதச் சந்தாவென்றால் முப்பது நாளுக்கு ஒருமுறை இணையத்தில் தன்னைக் காட்டவும் வேண்டும்.

காசு கட்டாமல் ஓடுகிற மாதிரி உடைத்த பதிப்பு போட்டுத் தருகிறோம் என்று சில கடைகளில் சொல்வார்கள். வாடிக்கையாளரின் கலியாணப் படங்கள் இருக்கிற லப்டொப்பில் யாரோ உடைத்ததைப் போட எனக்கு மனம் வராது.

மறுபக்கத்தில் இரண்டு இலவசம். நிக்கோனின் சொந்த என்.எக்ஸ். ஸ்ரூடியோ 2021இல் வந்தது. கமராவில் நீங்கள் பார்த்த நிறம் அப்படியே திரையிலும் வரும், மற்ற மென்பொருள்கள் அதைக் கிட்டத்தட்டத்தான் கொண்டுவரும். குறை, வேகம். பழைய லப்டொப்பில் படத்துக்குப் படம் போவதற்குள் பிளேன்ரீ ஒன்று குடிக்கலாம். இரண்டாவது டார்க்டேபிள். திறந்த மூல மென்பொருள், விண்டோசிலும் லினக்சிலும் ஓடும், இணையமே தேவையில்லை. திருத்தங்களைப் படத்துக்குப் பக்கத்திலேயே எக்ஸ்.எம்.பி. என்ற சின்னக் கோப்பில் எழுதி வைக்கும். கறண்ட் போய்த் தரவுத்தளம் குழம்பினாலும் படத்தோடு திருத்தமும் மிஞ்சும். நான் பாவிப்பது இதைத்தான். ஆனால் முதல் மாதம் தலைமயிரைப் பிய்ப்பீர்கள். ஒரே வேலைக்கு நாலு கருவி, எதை எடுப்பதென்று தெரியாது.

எதைப் பாவித்தாலும், இணையத்தில் விற்கிற பிரிசெற்றுகளை (ஒரே அழுத்தில் நிறத்தை மாற்றுகிற ஆயத்த அமைப்புகளை) வாங்காதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலுக்குச் செய்தவை. எங்கள் பிள்ளைகளின் மாநிறத்தில் போட்டால் முகம் சாம்பல் பூசியது மாதிரி வரும், கூறைச்சேலையின் சிவப்பு செங்கல்லாகிவிடும். "கொஞ்சம் வெள்ளையாக்கித் தாங்கோ அண்ணை" என்று கேட்கிற தாய்மாருக்கு நான் வெளிச்சத்தைக் கூட்டிக் கொடுப்பேன், நிறத்தில் கைவைப்பதில்லை. அல்பம் வந்த பிறகு ஒருவரும் குறை சொன்னதில்லை.

மருமகனுக்குச் சொன்னது: பொங்கலும் முதல் நாலு வேலையும் என்.எக்ஸ். ஸ்ரூடியோவில் செய். மழைக்காலத்தில் வேலை குறையும்போது டார்க்டேபிள் பழகு. வருடத்துக்கு முப்பது வேலை வந்து, பொறுக்குகிற நேரம் நித்திரையைத் தின்னத் தொடங்கினால், அன்றைக்கு லைட்ரூமுக்குக் காசு கட்டு. அப்போது அந்தச் சந்தாவை வேலையே கட்டும். இப்போது கட்டினால் அம்மாவின் சீட்டுக்காசுதான் கட்டும். சந்தாவுக்கு வைத்த காசில் ஒரு பகுதிக்கு வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கு, ஒன்று உன் வீட்டில், மற்றது என் வீட்டில். எல்லாவற்றையும் இணைய முகிலில் (கிளவுட்) ஏற்றலாம் என்பான். நாங்கள் போன் டேற்றாவில் ஒரு கலியாணவீட்டின் 40 ஜி.பி.யை ஏற்றி முடிப்பதற்குள் பிள்ளைக்குக் காதுகுத்து வந்துவிடும்.

கடைசியில் அவன் வாங்கியது: 15சி பற்றரி இரண்டு, 20,000 பி.டி. பவர் பாங்க், இரட்டைச் சார்ஜர், வான் சார்ஜர், எனெலூப் எட்டு, எஸ்.டி. இரண்டு, ஹார்ட் டிஸ்க் இரண்டு, பெட்டியும் சிலிக்கா ஜெல்லும். சி.எப். எக்ஸ்பிரஸ் காட்டுக்கு அடுத்த மாதம் என்றான். அதுவரை ஒரு துளையில்தான் எடுக்கப்போகிறான், அதில் எனக்கு நிம்மதியில்லை. பற்றரி கிரிப்பை மட்டும் இன்னும் மனதைவிட்டு விடவில்லை. கை வலிக்குதாம். வாங்கினால் வாங்கட்டும். ஒருநாள் எனக்கும் தரச் சொல்லியிருக்கிறேன். பதினொரு வருடம் கமராவைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்து என் வலது முழங்கையும் இப்போது மாரி வந்தால் முறைப்பாடு சொல்கிறது.